சிபானா மறைத்த வேலை

எங்கள் ஊரில் ஒருவருக்கு வேலை கிடைத்தால் பின்னேரத்து அசர்த் தொழுகைக்கு முன்பே தெருவெல்லாம் தெரிந்துவிடும். தாய் நாலு வீட்டுக்குத் தொதல் இனிப்பு வெட்டி அனுப்புவாள். தகப்பன் பள்ளிவாசல் வாசலில் நின்று, யாரும் கேட்காமலேயே, சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லுவார். கல்முனைக்குடிச் சிபானாவுக்கு நாற்பது வயதுக்குக் கிட்டத்தான் முதன்முதலாக ஒரு வேலை கிடைத்தது. கலியாண வயதில் பிள்ளை இருக்கிற வீட்டில் வலிப்பு நோயை மறைப்பார்களே, அப்படி அவள் அதை மறைத்தாள்.

வெட்கப்படுகிற வேலையா என்றால், இல்லை. கல்முனை பிரதான வீதியில் புதிதாகத் திறந்திருந்த சிறிய தனியார் வைத்தியசாலை ஒன்றில் நோயாளிகளுக்கு உதவியாள். கட்டில் விரிப்பு மாற்ற வேண்டும், எழும்ப முடியாதவர்களைத் தாங்கிப் பிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக வேண்டும், கஞ்சி பருக்க வேண்டும். இதையெல்லாம் வீட்டில் கணவனுக்குச் செய்து செய்து அவளுக்குக் கை பழகிப்போயிருந்தது. பச்சை நிறத்தில் ஒரு யூனிஃபோமும் கொடுத்திருந்தார்கள். காலையில் அதை உடுத்து, மேலே கறுப்பு அபாயாவைப் போட்டுக் கழுத்துவரை பூட்டி, கணவனின் மருந்துப் பையையும் கையில் எடுத்துக்கொண்டுதான் படலையைத் திறப்பாள். தெருவில் யாராவது கேட்டால் மச்சானுடைய மருந்துக்குப் போவதாகச் சொல்லுவாள், எங்கள் பக்கத்தில் கணவனை மச்சான் என்றுதான் சொல்லுவார்கள். பையில் மருந்துத் துண்டு இருக்காது, பாணும் சம்பலும்தான் இருக்கும்.

பின்னேரம் வந்து அந்த யூனிஃபோமைத் துவைத்தால் முற்றத்துக் கொடியில் போடமாட்டாள். அறைக்குள் கட்டிலுக்கு மேலே ஒரு கயிறு கட்டியிருந்தாள், அதில் போடுவாள். மாரி காலத்தில் அது காயவே காயாது. அரை ஈரத்தோடு உடுத்திக்கொண்டு போவாள். பகல் முழுக்க உடம்பில் ஈர நாற்றம் இருப்பதாக அவளுக்கு ஒரு கூச்சம்.

இவ்வளவு பாடும் எதற்கென்றால், நிவாரணத்துக்கு. அரசாங்கம் மாறும்போதெல்லாம் அந்த உதவியின் பெயரும் மாறும். எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் நிவாரணம் என்று ஒரே பெயர்தான்.

சிபானாவின் கணவர் மீராமுகைதீன் வரிப்பத்தான்சேனைக்காரர். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. பெண்ணுக்கு வீட்டை எழுதிக் கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு எடுப்பார்கள். அப்படித்தான் அவரும் கடலோரத்துக்கு வந்தார். வந்தாலும் வயலை விடவில்லை. போகம் தொடங்கினால் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு இறக்காமத்துப் பக்கம் போய்விடுவார். ஒரு பெரும்போகத்தில், கதிர் முற்றியிருந்த நேரம், காவலுக்குக் கட்டியிருந்த பரணை யானை முட்டிச் சாய்த்தது. யானை அவரைத் தொடவில்லை, விழுந்த பரண்தான் அவருடைய இடுப்பை உடைத்தது. அதன்பிறகு அவருடைய உலகம் விறாந்தைக் கதிரையும், அதிலிருந்து கம்பூன்றி நடக்கிற சில எட்டுகளும்தான். குத்தகை வயலும் கைமாறிப் போய்விட்டது.

நிவாரணப் பட்டியல் முதல் தடவை வந்தபோது அதில் சிபானாவின் பெயர் இல்லை. வீடு கல்வீடு, கூரை ஓட்டுக்கூரை என்று எதையோ பார்த்துத் தள்ளிவிட்டார்கள். அவள் பிரதேச செயலகக் கந்தோருக்கு நடையாய் நடந்தாள். கடைசியில் ஒரு நாள் கணவனையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் அங்கே வாங்கில் உட்காரவைத்தாள். அதற்குப் பிறகுதான் பெயர் விழுந்தது. அந்தக் காசு பெரிய காசில்லை. ஆனால் கூடப்பிறந்த காக்காமார் வீட்டு வாசலில் போய், மச்சிமாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் அரிசி வாங்கக்கூடியதாக இருந்தது. அந்த மரியாதைக்காகவே அவள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது வேலை வந்திருக்கிறது. வேலை கொடுத்தவர்களோ, முதலில் கொஞ்ச மாதம் பார்ப்போம், சரிவந்தால் வைத்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். வேலை கிடைத்தது என்று சொல்லி நிவாரணம் நின்றுபோய், பிறகு வேலையும் போய்விட்டால்? மறுபடியும் கந்தோர் வாங்கு, மறுபடியும் ஆட்டோவில் மனுசனை ஏற்றுவது. ஆற்றிலொரு கால் சேற்றிலொரு கால் என்று சொல்லுவார்களே, இரண்டில் எதைத் தூக்கினாலும் விழுந்துவிடுவோம் என்று பயந்தாள்.

பக்கத்து வீட்டு ஆமினா உம்மாவுக்கு மட்டும் விசயம் தெரியும். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு, பச்சை யூனிஃபோமை எத்தனை நாளைக்கு வாளிக்குள் ஒளிக்கலாம்? ஆமினா உம்மா தன் ஆயுளில் கந்தோர்ப் படியை மிதித்தவரில்லை. ஆனால் கந்தோரின் சட்டதிட்டம் அத்தனையும் அவர் வாய்க்குள் இருந்தது. மருதமுனையில் ஒருத்திக்கு நிவாரணத்தை வெட்டினார்களாம், சாய்ந்தமருதில் ஒருத்தியிடம் எடுத்த காசையெல்லாம் திருப்பிக் கேட்டார்களாம் என்று அவர் சொல்லுகிற கதைகளுக்குப் பெயரும் இருக்காது, தெருவும் இருக்காது.

"வாயத் தொறந்தாயோ, முடிஞ்சிது. கையில இரிக்கிறத உட்டுட்டுப் பறக்கிறதப் புடிக்கப் போகாதகா," என்றார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, வைத்தியசாலையின் கணக்குவழக்கைப் பார்க்கிற யதுசா அவளைக் கூப்பிட்டாள். யதுசா பாண்டிருப்புப் பெண், வயதில் சிபானாவை விட மிகவும் இளையவள். சேமலாப நிதிக்குப் பெயர் பதிய வேண்டும், அடையாள அட்டையின் போட்டோக் கொப்பி ஒன்று வேண்டும் என்றாள். மற்றவர்களுக்கு நல்ல செய்தியாக இருந்திருக்கும். சிபானாவுக்கு அப்படி இல்லை. அடையாள அட்டை இலக்கம் ஒரு இடத்தில் விழுந்தால் எல்லா இடத்திலும் தெரியும் என்று ஆமினா உம்மா சொல்லியிருந்தார்.

"மிஸ், என்ட பேர ஒரு இடத்திலயும் எழுதவேணா. நாட்கூலி மாதிரிக் கையில தாங்க. அது போதும்," என்றாள்.

யதுசாவுக்கு விளங்கவில்லை. பிறகு, நிவாரணத்துக்காகத்தான் என்று விளங்கியது. வயதுபோன காலத்தில் கிடைக்கப்போகிற காசு அது, மாதாமாதம் முதலாளியும் தன் பங்கைப் போடுவார், ஏன் வேண்டாமென்கிறீர்கள் என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். கந்தோரில் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்க என்றும் சொன்னாள். சிபானா தலையைக் குனிந்துகொண்டு, வேண்டாம் மிஸ் என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. யதுசா இரக்கப்பட்டாள், அவள் செய்த பிழை அது ஒன்றுதான். துப்புரவுச் செலவு என்ற கணக்கில் சேர்த்து, சிபானாவின் கூலியைக் கிழமைக்கொரு தரம் கையில் கொடுக்கத் தொடங்கினாள்.

மீராமுகைதீனுக்கு இது பிடிக்கவில்லை. அவர் அதிகம் கதைக்கிற மனிதரில்லை. வயலில் நின்றவர்களுக்கு இருக்கிற பழக்கம், சொல்ல வேண்டியதை வயலையும் தண்ணீரையும் வைத்துத்தான் சொல்லுவார். சிபானா சோறு பிசைந்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமைப் பகல் சொன்னார்.

"வயல் நெறஞ்சா வக்கடையக் கட்டணும் சிபானா. அடுத்த வயல்காரனும் வாய்க்காலத்தான் பாத்துக்கிட்டு இரிக்கான்."

வக்கடை என்பது வரம்பில் தண்ணீர் விடுவதற்கு வெட்டுகிற வாய். தன் வயல் நிரம்பிய பிறகும் அதைத் திறந்து வைத்திருப்பவனை எங்கள் பக்கத்தில் மனிதனாகவே மதிக்கமாட்டார்கள்.

"நெறஞ்சாத்தானே மச்சான் கட்டுற? நம்மட வயல்ல இன்னும் பயிருட கால் நனையல்ல," என்றாள் சிபானா.

அவள் சொன்னதிலும் உண்மை இருந்தது. அவருடைய வாயை அடைத்தது அதுதான். ஒரு ஆம்பிளையாகத் தன் கையால் சம்பாதித்துக் கொடுக்க முடியாதவன், சம்பாதிக்கிறவளுக்கு நியாயம் சொல்லலாமா என்று அவர் தனக்குள் கேட்டுக்கொண்டார்.

கூலிக் காசை சிபானா என்ன செய்தாள்? தின்னவில்லை, உடுக்கவில்லை. வைத்தியசாலையில் மற்றப் பெண்கள் தேநீரோடு வடை வாங்கினால் தனக்கு வாய்வு என்று சொல்லித் தப்பிவிடுவாள். அவளுக்கு ஒரேயொரு மகள், பஸ்னா. இருபது வயதாகிவிட்டது. இறக்காமத்தில் நெல் வெட்டுகிற இயந்திரம் ஓட்டுகிற பஸால் என்ற நல்ல பொடியனுக்குப் பேசியிருந்தார்கள். சீதனம் என்று அவர்கள் ஒரு சதமும் கேட்கவில்லை. வீடு ஒன்று இருந்தால் போதும் என்றார்கள், அதை எங்கள் ஊரில் கேட்பது என்றே கணக்கெடுப்பதில்லை. இருப்பதோ இந்த இரண்டறை வீடு. பஸ்னா கலியாணம் முடித்தால் அது பஸ்னாவுக்கு. தாயும் தகப்பனும் பின்வளவுக்குள் இறங்கிவிட வேண்டும். சிபானாவின் உம்மாவும் வாப்பாவும் அப்படித்தான் இறங்கினார்கள், கடைசி மட்டும் பின்னால் ஓலை வேய்ந்த ஒரு கிடுகுப் பத்தியில் இருந்துதான் மௌத்தானார்கள்.

ஆனால் இடுப்பு உடைந்த மனிதனைக் கிடுகுப் பத்தியில் மண் தரையில் வைத்திருக்க முடியுமா? கம்பு வழுக்காத ஒரு சீமெந்துத் தரை, இருந்து எழும்பக்கூடிய ஒரு கழிப்பறை, ஒரு அறை. இவ்வளவுதான் சிபானா கேட்டது. அறை எழும்பினால்தான் கலியாணத்துக்கு நாள் பார்க்கலாம். அதனால் கூலி கையில் வருகிற கிழமையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சீமெந்துக் கல் எடுப்பித்தாள். முன்முற்றத்தில், வேலியோரமாக, வீதியால் போகிறவர்கள் எல்லாரும் பார்க்க அடுக்கிவைத்தாள்.

யூனிஃபோமை அறைக்குள் காயவைத்தவள் கல்லை முற்றத்தில் அடுக்கினாளே, இவளுக்குப் புத்தி எங்கே போனது என்று வெளியூரில் இருப்பவர்கள் கேட்பார்கள். எங்கள் ஊர்க்காரர் கேட்கமாட்டார்கள். பெண்பிள்ளை இருக்கிற வீட்டு முற்றத்தில் கல் கிடப்பது, கிணறு இருப்பது போல, தென்னை நிற்பது போல. பிச்சை எடுக்கிறவளும் மகளுக்கென்று நாலு கல் சேர்த்து வைத்திருப்பாள். அதைப் பார்த்து யாரும் பணக்காரி என்று சொல்லமாட்டார்கள், பாவம், பிள்ளை வளர்ந்துவிட்டது என்றுதான் சொல்லுவார்கள். சிபானாவுக்கு அந்தக் கல் மறைக்க வேண்டிய பொருளாகவே தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிறவர்கள் சோற்றையாவது மேலே போடுவார்கள். அவள் அதைக்கூடச் செய்யவில்லை.

தை மாதம் பிறந்து மழை விட்ட ஒரு காலையில், நிவாரண வீடுகளைத் திரும்பவும் பார்க்க ஒரு உத்தியோகத்தர் வந்தார். நுவரெலியாப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், நல்ல மரியாதையான பிள்ளை. சிபானா வேலைக்குப் போய்விட்டாள். பஸ்னா உள்ளே திரைக்குப் பின்னால் நின்றாள். விறாந்தைக் கதிரையில் மீராமுகைதீன்தான் இருந்தார்.

வருமானம் ஏதும் உண்டா என்று உத்தியோகத்தர் கேட்டார். யாராவது வந்து கேட்டால் இல்லையென்று சொல்லுங்கள் என்று மனைவி சொல்லி வைத்திருந்தாள். வக்கடையைக் கட்டச் சொன்ன மனிதர் அன்றைக்கு மனைவிக்காக, இல்லை, அல்லாஹ்வின் காவலில் எப்படியோ போகிறது என்று சொன்னார். சொல்லும்போது நாக்குக் கசந்ததாகப் பிறகு பஸ்னாவிடம் சொல்லியிருக்கிறார். மனைவி எங்கே என்ற கேள்விக்கும் பழக்கப்பட்ட பதிலையே சொன்னார், மருந்தெடுக்கப் போயிருக்கிறாள் என்று.

அடுத்ததாக உத்தியோகத்தர் கல்லைப் பார்த்தார். பின்வளவில் வெட்டியிருந்த அத்திவாரத்தையும் பார்த்துவிட்டு வந்தார். அது யாருடைய வீடு என்று கேட்டார். இந்தக் கேள்விக்குப் பொய் தேவைப்படவில்லை. மீராமுகைதீனுக்கு நெஞ்சு இலேசானது, நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்.

"இந்த வீடு மகள்ட. பின்னால எழும்புறது எங்கட."

எங்கள் ஊரில் இந்தச் சொல்லைக் கேட்டால் ஏழைத் தகப்பன் ஒருவன் இருக்கிற வீட்டையும் மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்வளவுக்குப் போகிறான் என்று விளங்கும். வந்தவருக்கு அது விளங்கவில்லை, அவரைக் குறை சொல்லவும் முடியாது. மகளுக்கு ஒரு வீடு, தங்களுக்கு ஒரு வீடு, வருமானம் இல்லை. கேட்டதைக் கேட்டபடியே பதிந்துகொண்டு, சலாம் சொல்லிவிட்டுப் போனார். அவர் நல்ல மனிதர் என்று மீராமுகைதீன் மனைவியிடம் சொன்னார்.

அடுத்த மாதம் நிவாரணம் வரவில்லை. தாமதம் என்று நினைத்தாள். அதற்கடுத்த மாதமும் வரவில்லை. ஆமினா உம்மா, யாரோ எரிச்சலில் கந்தோருக்குப் பெட்டிசம் எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்று தெருவில் நாலைந்து பேரின் பெயரைச் சொன்னார். சிபானாவும் அந்த நாலைந்து பேரையும் இரண்டு நாள் மனதுக்குள் வைது தீர்த்தாள். பிறகு லீவு கேட்டுக்கொண்டு கந்தோருக்குப் போனாள்.

அங்கே ஆகிலா என்றொரு உத்தியோகத்தர். ஊர்ப் பெண், மெதுவாகக் கதைக்கிறவள். பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, இருக்கச் சொன்னாள். யாரும் எழுதிப் போடவில்லை என்றாள். வீட்டில் சொன்ன விவரமே இரண்டு வீடு, வருமானம் இல்லை என்றுதான் இருக்கிறது, அதை விசாரிக்கும்வரை கொடுப்பனவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றாள். சிபானா, அது இரண்டு வீடில்லை, நாங்கள் பின்னால் போவதற்கு என்று சொல்லத் தொடங்க, ஆகிலா கையால் அமர்த்தினாள். அது தனக்குத் தெரியும், தன் உம்மாவும் பின்வளவில்தான் இருக்கிறார் என்றாள். ஆனால் அந்தக் கல்லை வாங்கின காசு எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

சிபானா மருந்துப் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். காக்காமார் தந்தார்கள் என்று சொல்லலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தபோது, கதிரையில் இருந்து தனக்காகப் பொய் சொன்ன மனிதனின் முகம் கண்ணுக்குள் வந்தது.

"நான் வேலை செய்றன் மிஸ். ஆசுபத்திரி ஒண்டில," என்றாள்.

இத்தனை மாதத்தில் அவள் அதை வெளியில் ஒருவருக்குச் சொல்வது அதுதான் முதல் தடவை. சொன்னதும் மேசை, கதிரை, சுவர் எல்லாம் திரும்பிப் பார்த்தது போலிருந்தது. ஆகிலா திடுக்கிடவில்லை.

"ராத்தா, வேலை செய்றது குத்தமில்ல. கூலி குறைவெண்டா அதையும் சேத்துத்தான் பாப்பாங்க, ஊட்டில ஏலாத ஆள் இரிக்கிறதையும் பாப்பாங்க. ஒரு வரவுமே இல்லாத ஊட்டில கல்லு ஏறினாத்தான் எல்லாரும் பயப்படுற. மொதலே வந்து ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நானே எழுதித் தந்திருப்பனே."

ஆறேழு மாதமாகப் பூதம் என்று பயந்து ஓடியது, கிட்டப் போய்ப் பார்த்தால் கதிரையில் இருக்கிற ஒரு ஊர்ப்பெண். ஆகிலா மேன்முறையீட்டுக்கு வழி சொன்னாள். வேலை செய்கிற இடத்திலிருந்து, இன்ன மாதத்திலிருந்து இன்ன கூலிக்கு வேலை செய்கிறார் என்று ஒரு கடிதம் வேண்டும். அது வந்தால் கல்லுக்கும் காரணம் வந்துவிடும், மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். சிபானா கந்தோர்ப் படியை ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். நேரே வைத்தியசாலைக்குப் போனாள்.

யதுசா எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டுக் கணினியில் பழைய கணக்கைத் திறந்து பார்த்தாள். திட்டியிருந்தால் சிபானாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். யதுசா திட்டவில்லை.

"பேர் இல்லாத ஆளுக்கு நான் என்னெண்டு கடிதம் எழுதுற அக்கா? இத்தின மாதமும் நீங்க இஞ்ச வேல செய்ததுக்கு ஒரு துண்டுகூட இல்ல. துப்புரவுச் செலவு எண்டுதான் கிடக்கு. இப்ப பழைய திகதி போட்டு எழுதினா அது பொய். அது பிடிபட்டா என்ட வேலையும் போகும், உங்கட வேலையும் போகும்."

சுவரோரம் இருந்த கதிரையில் சிபானா இருந்துவிட்டாள். இத்தனை மாதம் எத்தனை பேரைத் தூக்கி நிமிர்த்தினாள், எத்தனை விரிப்பைத் துவைத்தாள், எத்தனை கிழவிமாருக்குக் கஞ்சி பருக்கினாள். அதற்கெல்லாம் சாட்சி சொல்ல ஒரு எழுத்தும் இல்லை. எழுதவேண்டாம் என்று கெஞ்சியது அவளே. பட்டியலில் பெயர் அழிந்துவிடக்கூடாது என்று வேலையில் பெயரை அழித்தாள். இப்போது இரண்டு இடத்திலும் பெயர் இல்லை. அவளுக்கு யார் மீதும் கோபம் வரவில்லை. தன் மீதுகூட வரவில்லை. பெரிய களைப்பு ஒன்றுதான் வந்தது.

ஒரு நோயாளி உள்ளேயிருந்து கூப்பிட்டார். லீவு நாளென்பதை மறந்து சிபானா எழுந்து போய், அவருக்குத் தண்ணீர் கொடுத்து, தலையணையை உயர்த்திவிட்டு வந்தாள். வந்து யதுசாவின் மேசைக்கு முன்னால் நின்றாள். பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து வைத்தாள்.

"இண்டையில இருந்து எழுதுங்க மிஸ்," என்றாள்.

அன்றையிலிருந்து எழுதின கடிதத்தை ஆகிலா வாங்கிக்கொண்டாள். பழைய மாதங்களுக்கு இது பேசாது, இருந்தாலும் அனுப்பிப் பார்ப்போம், முடிவு வரக் காலம் எடுக்கும், வராமலும் போகலாம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். சிபானா தலையாட்டினாள்.

நிவாரணம் இல்லாமல், கூலியில் சேமலாப நிதிக்கும் வெட்டிக்கொண்டு, மிச்சத்தில் அரிசியும் மருந்தும் வாங்கி, கல்லும் எடுப்பது நடக்கிற காரியமில்லை. ஏற்கெனவே கடையில் நின்றிருந்த கடனை அடைக்கவும் வேறு வழி தெரியவில்லை. கல்லை விற்பதென்று முடிவானது. ஊரில் கல்லுக்கு ஆள் தேட வேண்டியதில்லை, வாங்க வந்தவர் ஆமினா உம்மாதான். அவருடைய பேத்திக்கு வேறொரு தெருவில் வீடு தொடங்கியிருந்தார்கள். நியாயமான விலைதான் கொடுத்தார். கொடுக்கும்போது சிபானாவின் முகத்தைப் பார்க்காமல், கிணற்றைப் பார்த்துக்கொண்டு கொடுத்தார். நல்லதுக்குத்தானே சொன்னேன் என்று அவர் சொல்லவில்லை, சிபானாவும் கேட்கவில்லை. கெட்ட மனதில் சொன்ன புத்தியாக இருந்திருந்தால் ஒருநாள் சண்டை பிடித்துத் தீர்த்திருக்கலாம்.

அறை இப்போதைக்கு எழும்பாது என்று இறக்காமத்துக்கு ஆள் அனுப்பிச் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டார், அடுத்த போகம் வரை பார்ப்போம் என்று பதில் சொல்லியனுப்பினார்கள். அதற்குப் பிறகு என்ன என்பதை அவர்களும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கத் துணியவில்லை. பஸ்னா அழவில்லை. கல் ஏற்றுகிற நாளன்று விறாந்தையில் தகப்பனுக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு கல்லும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெடித்த கல் ஒன்றை ஏற்றுகிறவர்கள் வேலியோரம் போட்டார்கள். இதையும் கொண்டுபோங்கள், குப்பை என்றார் மீராமுகைதீன்.

"அது கிடக்கட்டும் வாப்பா," என்றாள் பஸ்னா.

அந்த ஒரு சொல்தான் அவள் சொன்னது. சிபானா அடுப்படிக்குள் போய்த் தேங்காய் துருவத் தொடங்கினாள், துருவி முடித்த சிரட்டையையே மறுபடியும் துருவிக்கொண்டிருந்தாள்.

உழவு இயந்திரம் போனபிறகு வேலியோரம் வெறிச்சென்று கிடந்தது. கல் இருந்த இடத்தில் புல் வெளுத்து, மண்ணோடு அமர்ந்து போயிருந்தது. மீராமுகைதீன் கம்பை ஊன்றி எழுந்தார். வேலிக்கட்டைக்கும் தென்னைக்கும் இடையில் ஒரு கயிறு கட்டச் சொன்னார் மகளிடம். வெயில் நேராக விழுகிற இடம் அது. பிறகு உள்ளே போய், கட்டிலுக்கு மேலே அரை ஈரத்தோடு தொங்கிய பச்சை யூனிஃபோமைத் தன் கையாலேயே எடுத்து, தோளில் போட்டுக்கொண்டு, கம்பை ஊன்றி ஊன்றி முற்றம் வரை வந்தார். இடுப்பு உடைந்த பிறகு அவர் அவ்வளவு தூரம் நடந்ததில்லை. கயிற்றில் போட்டு, சுருக்கமெல்லாம் இழுத்துவிட்டார்.

வீதியால் மீன் வாங்கிக்கொண்டு போன பெண்ணொருத்தி நின்றாள். இது யாருடைய உடுப்பு என்று வேலிக்கு மேலால் கேட்டாள். எங்கள் ஊரில் கேட்காமல் போகமாட்டார்கள்.

"என்ட பொண்டாட்டிட. ஆசுபத்திரில வேலை செய்றா," என்றார் மீராமுகைதீன். அவர் அதை ஒருதரம் சொல்லியிருந்தால் போதும். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு நடந்த பிறகும், யாரும் கேட்காமலேயே, வீதியைப் பார்த்து இன்னொரு தரம் சொன்னார்.

அடுப்படிக்குள் சிபானாவுக்கு அது கேட்டது. கையிலிருந்த சிரட்டையை வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வேலை கிடைத்த அன்றைக்கே இந்த மனிதனை இதைச் சொல்லவிட்டிருந்தால், இன்றைக்குப் பின்வளவில் ஒரு சுவராவது நின்றிருக்கும். மத்தியானத்துக்குள் யூனிஃபோம் காய்ந்துவிட்டது. பஸ்னா அதை எடுத்து மடித்து, உம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். மறுநாள் காலையில் சிபானா படலையைத் திறந்தபோது மருந்துப் பை உள்ளே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வேலியோரம் கிடந்த வெடித்த கல்லைத் தாண்டி அவள் வேலைக்குப் போனாள்.